சொற்பட்டியலின் சரித்திரம்

அமெரிக்காவில் மேற்படிப்பை நாடும் மாணவர்கள் அரிய ஆங்கிலப் பதங்களை ஆயிரக்கணக்கில் மனனம் செய்யும் வழக்கத்துக்கு மூலகாரணமான ஜி.ஆர்.இ. என்னும் பரீட்சை, 1936-ஆம் ஆண்டில், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு சர்வகலாசாலைகளின் ஒத்துழைப்போடு, கார்னெகி அறநிலையத்தாரால் ஒரு சோதனை முயற்சியாகவே ஆரம்பிக்கப்பெற்றது. பின்னர் அதன் நிர்வாகம், 1947-ல் தோன்றிய இ.டி.எஸ். ஸ்தாபனத்தின் வசமாயிற்று.

பெரிய எழுத்தில் ஒற்றைப் பதத்தை அச்சிட்டு, வாக்கியமோ சந்தர்ப்பமோ காட்டாமல், கீழே கொடுத்த ஐந்து விடைகளுள் அதன் எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்கள் நெடுங்காலம் நிலைத்திருந்தமையால், நல்ல நூல்களை வாசித்துப் பாஷாஞானம் பெறுவதைக் காட்டிலும் பட்டியலை நெட்டுருப் போடுவதே லாபம் என்று மாணவர்கள் கணக்கிட்டதில் வியப்பில்லை. பாரன்ஸ் பதிப்பகத்தாரின் 3,500 பதங்கள் கொண்ட பட்டியல், சென்னை மாணவர்களிடையேயும், ஓரங்களில் பென்சிற் குறிப்புகளோடு, அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறி வந்தது. சூடாமணி நிகண்டை ஒப்பித்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யுளின் சந்தமாவது துணை நின்றது. இவர்களுக்கோ அகரவரிசையே கதி!

2011 ஆகஸ்டில் எதிர்ப்பத வினாக்களும் ஒப்புமை வினாக்களும் நீக்கப்பட்டு, வாக்கியத்தின் போக்கை உணர்ந்து பதங்களை நிரப்பும் வினாக்களுக்கே பிராதான்யம் அளிக்கப்பட்டது. ஆயினும் பட்டியல்கள் ஒழிந்தபாடில்லை. அவை இப்போது கைப்பேசிச் செயலிகளில் குடியேறியிருக்கின்றன.