மதம் மாறியபோது உடன் சென்றவை

திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் 1827-இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை, 1858-இல் கிறித்தவம் தழுவினார். 1894-இல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவியது. ஆயினும் அதன் நடை கம்பனிடம் பயின்ற நடையாகும். சமயத்தை விட்டவர் கம்பனை விடவில்லை. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் இதனை அறிவர். ஒருவர் மதம் மாறுங்கால் அவருடன் எவையெல்லாம் உடன் செல்கின்றன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கம்பனேயன்றிச் சாதியும் உடன் சென்றது. அதே சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்கத் திருக்கோவில், கால்சட்டையின் இரு கால்களைப் போல இரு கூடங்களாகப் பிரிந்து நின்றது. ஒரு புறம் வேளாளர், மறுபுறம் நாடார், இடையே சுவர். பீடம் ஒன்றே, வழிபாடும் ஒன்றே. வழிபடுவோர் மட்டும் இருவேறாயினர். அச்சுவர் 1910-இல் தகர்க்கப்பட்டது. பிரிவினையைத் தம் உரிமையெனக் கொண்டோர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவர்கள் கோரிக்கை நிலைபெறவில்லை.

எனினும் மதமாற்றத்தால் சமூகம் மாறவேயில்லை எனல் பிழையாகும். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையற்றிருந்தனர். கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாமென 1812-இல் ஆணை பிறந்தது. மேற்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலையும் அணிய அவர்கள் முற்பட்டபோது கலவரங்கள் மூண்டன, ஆடைகள் கிழிக்கப்பட்டன, பள்ளிகளும் சிற்றாலயங்களும் எரிந்தன. 1829-ஆம் ஆண்டு ஆணை குப்பாயத்தை ஏற்றுத் தோள்சீலையை மறுத்தது. முப்பதாண்டு கழித்து, 1859 சூலையில் வந்த அரசறிக்கையோ மதம் மாறாத நாடார் பெண்களுக்கும் மேலாடை உரிமை அளித்தது. மாறியவர் தொடங்கிய போராட்டத்தின் பயன் மாறாதவரையும் சேர்ந்தது. ஆயினும் மேற்சாதியாரைப் போல அணியலாகாது என்னும் தடை அதிலும் எஞ்சியது.

அயோத்திதாசப் பண்டிதர் கண்ட வழி வேறு. 1892-இல் சென்னை மகாசன சபைக் கூட்டத்தில் தம் மக்களுக்குக் கோவில் நுழைவுரிமை வேண்டினார், அது மறுக்கப்பட்டது. 1898-இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். பௌத்தம் அவர்க்குப் புகலிடமன்று. பறிக்கப்பட்ட பூர்வீக வீடு. தம் மக்கள் முற்காலத்தில் பௌத்தரே என்பது அவர்தம் துணிபு. அத்துணிபை 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், பழந்தமிழ் நூல்களையும் நிகண்டுகளையும் சான்றாக்கி எழுதினார். வரலாற்றாசிரியர் அவர் முடிவுகளோடு மாறுபடலாம். இழிவை விட்டுத் தமிழைக் கைக்கொண்டே அவர் சென்றார் என்பதை மறுத்தற்கியலாது.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். 1981 பிப்ரவரியில் தென்காசிப் பகுதி மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்டோர் பலர் இசுலாம் தழுவியது நாடெங்கும் பேசப்பட்டது. அயல்நாட்டுப் பணத்தைப் பற்றி எழுந்த பேச்சு, அவ்வூரார் நாளும் பட்ட அவமதிப்பைப் பற்றி எழவில்லை.

சட்டமும் இவ்வினாவிலிருந்து தப்பவில்லை. பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கே என 1950-ஆம் ஆண்டு ஆணை வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. இந்நிலையை மாற்றுமாறு 2007-இல் இரங்கநாத் மிசுரா ஆணையம் பரிந்துரைத்தது. அவ்விரு மதங்களிலும் சாதி இல்லையென்பது கொள்கை. வடக்கன்குளத்துச் சுவரோ கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்தது.

கிருஷ்ணப் பிள்ளை கம்பனைத் தாமே விரும்பி எடுத்துச் சென்றார். சாதியைச் சிலர் விரும்பி எடுத்துச் சென்றனர். பலர் தலையிலோ, அவர்கள் இறக்கிவைத்த பின்னும், பிறர் அதனை ஏற்றியனுப்பினர். மதம் மாறியவரை நோக்கி ஏன் மாறினாய் எனக் கேட்போர் பலர். அச்சுமையை ஏற்றியவரை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் எஞ்சியுள்ளது. அதைக் கேட்பது வரலாறு எழுதுவோர்க்கும் கவிதை எழுதுவோர்க்கும் பொதுக் கடமையாகும்.