அடுப்பங்கரைப் புகையும் கனிமர விறகும்

இறைச்சியையும் மீனையும் புகையிலிட்டுப் பேணும் முறை மேனாட்டாருக்கே உரியது என்று நம்மிற் பலர் கருதுகிறோம். ஆப்பிள், செர்ரி முதலிய கனிமரங்களின் துண்டுகளைப் புகையவிட்டு அவர்கள் ஊனைப் பதப்படுத்துவது உண்மையே. ஆயினும் நம் முன்னோரும் இக்கலையை அறியாதவரல்லர். சங்கச் செய்யுட்களில் ‘வாடூன்’ என்னும் சொல் வழங்குகிறது. உலர்த்திய இறைச்சி என்பது அதன் பொருள். வெயிலில் உலர்த்துவது எளிது; ஆனால் ஆண்டில் இருமுறை பருவமழை பொழியும் தென்திருவிதாங்கூரில் வெயிலை நம்பியிருக்க இயலுமோ? அங்கே அடுப்பே கதிரவனுக்குத் துணையாயிற்று.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே கொல்லயில் முதலிய சிற்றூர்கள் உள்ளன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்ததேயன்றி அடுப்பங்கரையைப் பிரிக்கவில்லை. இருபுறத்து விளைகளிலும் பலாவும் மாவும் தென்னையும் நின்றன. முறிந்த கிளை விறகாயிற்று. சிரட்டையும் கதம்பையும் தணலைக் காத்தன. அடுப்பின்மேல் அமைந்த பரணில் ஏறிய புகை, அங்கு வைத்த பண்டங்களை உலர்த்திற்று.

இம்முறைக்குக் குடம்புளி நல்ல சான்று. விதை நீக்கிய பழத்தோல் வெயிலிலும் புகையிலும் உலர்ந்து கறுத்து, ஆண்டு முழுதும் மீன்குழம்புக்கு உதவுகிறது. கேரளத்தில் ‘இடியிறச்சி’ என்று வழங்கும் பண்டமும் இத்தகையதே. உப்பும் மஞ்சளும் மிளகும் தடவிய மாட்டிறைச்சியை வெயிலிலோ அடுப்பின் மேலோ உலர்த்தி வைத்து, வேண்டும்போது உரலிலிட்டு இடித்துத் தேங்காயெண்ணெயில் வறுப்பர்.

கடல்வழியே வந்த செய்தியும் ஒன்றுண்டு. 1343ஆம் ஆண்டில் மாலத்தீவை அடைந்த யாத்திரிகர் இபன் பதூதா, அங்குள்ளோர் மீனைத் துண்டமாக்கிச் சிறிது வேகவைத்து, ஓலைக்கூடைகளிலிட்டுப் புகையில் தொங்கவிடுவதையும், அது இந்தியா, சீனம், ஏமன் ஆகிய நாடுகளுக்குச் செல்வதையும் எழுதியுள்ளார். நாம் மாசிக்கருவாடு என்பது இதனையே. ஜப்பானியர் தம் ரசத்திற்கு இடும் புகையூட்டிய மீனும் அதே சூரை இனத்ததாகும்.

கனிமரத்தை ஏன் நாட வேண்டும்? பலா, மா போன்ற மரங்களில் பைன் மரத்தைப்போன்ற பிசின் இல்லை. ஆகவே நன்கு உலர்ந்த விறகு மெல்லப் புகைந்து, கரியும் கசப்பும் குறைந்த மணத்தைத் தருகிறது. புகையிலுள்ள பீனால் முதலிய பொருள்கள் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. கொழுப்பு காறுவதையும் தாமதப்படுத்துகின்றன. ஆனால் கொல்லாங்கொட்டையின் தோட்டை எரித்தல் ஆகாது. அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். புகை கண்ணையும் தொண்டையையும் வருத்தும்.

இருபதாம் நூற்றாண்டில் பல விளைகள் ரப்பர்த் தோட்டங்களாயின. பின்னர் எரிவாயு அடுப்பு வந்தது, புகை போயிற்று, பரணும் வெறுமையாயிற்று. இதற்காக வருந்துவதற்கு முன், அப்புகையில் நின்று சமைத்த பெண்டிரின் கண்களையும் நுரையீரல்களையும் நினைத்தல் வேண்டும். புகையூட்டிய இறைச்சி உள்ளிட்ட பதப்படுத்திய இறைச்சி வகைகளைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015இல் வகுத்தது. எனவே பழைய அடுப்பை மீண்டும் மூட்டுக என நாம் கூறவில்லை.

எனினும் எந்த விறகு எதற்கு உரியது, எத்தனை நாள் புகை வேண்டும், எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பவை ஏட்டில் ஏறாத அறிவு. பரண், கதம்பை, சிரட்டை என்னும் சொற்களும் அவ்வறிவோடு மறையக்கூடும். டில்லியிலும் பம்பாயிலும் வாழும் நம்மவர், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, முதிய தாய்மாரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வைப்பாராக. அடுப்பு மாறினும், அதனருகே விளைந்த அறிவு அடுத்த தலைமுறைக்குக் கிட்டும்.