பூசாவிலிருந்து ஒகினாவா வரை

டில்லி மாநகரில் கரோல் பாகை அடுத்து வாழும் தமிழன்பர்களுக்குப் பூசா சாலை நன்கு பழகிய பெயர். ஆயின் அப்பெயர் டில்லிக்கு உரியதன்று; பீகாரிலுள்ள ஒரு சிற்றூருக்கு உரியது. 1905-ஆம் ஆண்டில் அவ்வூரில் நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைவுற்று, 1936-இல் டில்லிக்கு வந்து சேர்ந்தது. வரும்போது பழைய ஊரின் பெயரையும் உடன்கொண்டு வந்தது. பிறந்த ஊரின் பெயரைச் சுமந்து வாழும் நமக்கு இது வியப்பன்று. அந்தப் பழைய பூசாவில் தோன்றிய ஓர் அறிவு, கடல் கடந்து பயன்பட்ட வரலாற்றை இன்று காண்போம்.

பாகல், புடல், பீர்க்கு, பூசணி ஆகிய கொடிகளைப் பயிரிடுவோர்க்குப் பெரும்பகை பழ ஈ. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழுக்கள் சதைக்குள்ளேயே வளர்ந்து காயை அழுகச் செய்யும். பின்னர் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். ஆதலின் மேலே தெளிக்கும் மருந்து உள்ளிருக்கும் புழுவை எட்டுவதில்லை. வெளியே பசுமையாகத் தோன்றும் பாகற்காயை அரிந்து பார்த்து மனம் நொந்த அனுபவம் நம் இல்லத்தரசியர்க்கும் உண்டு.

பூசா நிலையத்தில் பூச்சியியலறிஞராக விளங்கியவர் ஹவ்லெட். கொசுவை விலக்கப் பயன்படும் சிட்ரனெல்லா எண்ணெயின் மணத்தை நாடிப் பழ ஈக்கள் திரண்டு வருவதையும், வந்தவை அனைத்தும் ஆண் ஈக்களே என்பதையும் 1912-ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். அவற்றை ஈர்ப்பது மெதில் யூஜினால் என்னும் பொருள் என்று 1915-இல் விளக்கினார். நம் முற்றத்துத் துளசியிலும் அப்பொருள் உண்டு. மா, கொய்யா முதலியவற்றைத் தாக்கும் சில பழ ஈக்களுக்கு அது பொருந்தும். பாகலைத் தாக்கும் ஈயோ அதற்கு மயங்குவதில்லை. அதன் ஆண்களை ஈர்க்கும் கியூலூர் என்னும் வேறொரு பொருள் பின்னாளில் கண்டறியப்பட்டது. எனினும், மணத்தால் ஆண் ஈக்களை அழைக்கலாம் என்ற வழியைக் காட்டியது பூசாவே.

பாகல் ஈயின் தாயகம் நம் நாடு என்பர். அது பல நாடுகளுக்கும் பரவி, 1919-இல் ஜப்பானின் தென்கோடியிலுள்ள யாயெயாமா தீவுகளிலும், 1972-இல் ஒகினாவாப் பெருந்தீவிலும் காணப்பட்டது. ஒகினாவா மக்கள் நம்மைப் போலவே பாகற்காயை விரும்பி உண்போர். கோயா என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். ஈ பரவிய தீவுகளிலிருந்து அக்காயைத் தலைநாட்டுச் சந்தைக்கு அனுப்பத் தடை விதிக்கப்பட்டதால் உழவர்கள் வருந்தினர்.

1972-இல் குமே தீவில் ஒழிப்புப் பணி தொடங்கியது. முதலில் கியூலூர் கொண்டு ஆண் ஈக்களைக் குறைத்தனர். அடுத்து, அமெரிக்க அறிஞர் நிப்லிங் வகுத்த முறைப்படி, ஈக்களை வளர்த்து, கூட்டுப்புழுப் பருவத்தில் காமாக் கதிர்களால் மலடாக்கி வெளியே விட்டனர். மலட்டு ஆணோடு கூடிய பெண் இடும் முட்டைகள் பொரிவதில்லை. 1978-இல் குமே தீவும், 1990-இல் ஒகினாவாப் பெருந்தீவும், 1993-இல் யாயெயாமாவும் விடுதலை பெற்றன. அதற்காக விடப்பட்ட ஈக்கள் ஐயாயிரம் கோடிக்கும் மேல்! தடை நீங்கியது, கோயா தலைநாட்டு அடுக்களைகளுக்கும் சென்றது.

நம் நாட்டிலும் இன்று உழவர்கள் கியூலூர்ப் பொறிகளைத் தொங்கவிடுகின்றனர். ஆனால் தீவுக்குக் கடலே அரண். நம் கொல்லைகளுக்கு அத்தகைய அரண் இல்லை. ஒருவர் பொறி வைத்து, அடுத்தவர் சொத்தைக் காய்களை வரப்பில் எறிந்துவிட்டால் பயன் விளையாது. ஊரார் அனைவரும் ஒரே காலத்தில் பொறி வைத்து, விழுந்த காய்களைப் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். நாம் எம்மாநிலத்தில் வாழினும், வீட்டின் பின்புறம் ஒரு பாகற்கொடி படரவிட்டிருப்போமாயின், அந்தக் கடமையில் நமக்கும் பங்குண்டு.