அட்டையைக் காட்டு என்று இணையம் கேட்கத் தொடங்கிய கதை

இணையத்தில் வயதுச் சான்று கேட்கும் வழக்கத்துக்கு விதை போட்டது அமெரிக்கா. 1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட தகவல்தொடர்புக் கண்ணியச் சட்டம், சிறுவர் கண்ணில் ஆபாசம் படும்படி வைப்பதைக் குற்றமாக்கியது. தளங்கள் தப்பிக்க ஒரு வழியையும் அதுவே சொன்னது: வருகிறவரின் கிரெடிட் கார்டைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கார்டு வைத்திருப்பவர் பெரியவராகத்தான் இருப்பார் என்று கணக்குப் போட்டார்கள்.

அடுத்த ஆண்டே, ஜூன் 26 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. பிள்ளைகளைக் காக்கப் போய்ப் பெரியவர்களின் பேச்சுரிமையை இந்த அளவுக்கு நெரிக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். 1998-இல் வந்த இன்னொரு சட்டமும் பத்தாண்டு வழக்காடி 2009-இல் முடிந்துபோனது.

வயதுச் சான்று கேட்கும் முயற்சி அத்தோடு நின்றுவிடவில்லை. லூசியானா மாநிலத்தில் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளும் செயலி ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்த்தே தீர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தபோது, சரிபார்க்க அந்தச் செயலி கைகொடுத்தது. சரிபார்த்த பின் அடையாள விவரத்தை வைத்திருக்கக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதினார்கள். நல்ல விதிதான். ஆனால் அழித்தார்களா என்று அட்டை கொடுத்தவர் எப்படிப் பார்ப்பது? மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. டெக்சாஸின் இத்தகைய சட்டம் செல்லும் என்று 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் 25-ஆம் தேதி பிரிட்டனிலும் வயதுச் சோதனை கட்டாயமானது.

கொடுத்த அட்டை கசிந்துவிடுமோ என்ற பயம் மெய்யானது என்பது அதே ஆண்டு அக்டோபரில் தெரியவந்தது. டிஸ்கார்ட் உரையாடல் தளத்தில், வயது குறைவென்று கணக்கு முடக்கப்பட்டவர் முறையிட வேண்டுமானால், அடையாள அட்டையையும் தன் பயனர் பெயர் எழுதிய தாளையும் பிடித்தபடி படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. டிஸ்கார்ட் சொன்னபடி, இப்படி வந்த படங்களைப் பார்த்தது வாடிக்கையாளர் சேவைக்கு அமர்த்தப்பட்ட வெளி நிறுவனம். அந்த வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று டிஸ்கார்டே அறிவித்தது. அப்படி ஒரு படத்தில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முகம், உண்மைப் பெயர், பிறந்த தேதி, பல அட்டைகளில் வீட்டு முகவரி; கூடவே, அவர் இணையத்தில் மறைந்து நின்று பேசிய பெயர். வீட்டில் சொல்ல முடியாத நோயைப் பற்றியோ, அடிக்கும் கணவனைப் பற்றியோ புனைபெயரில் பேசிய ஒருத்திக்கு இருந்த ஒரே மறைப்பு அந்தப் பெயர்தான்.

பிள்ளைகளைக் காக்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. அதற்குத் தளத்துக்குத் தெரிய வேண்டியது, வந்தவருக்கு 18 நிரம்பியதா என்பது மட்டும்தான். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட முன்மாதிரிச் செயலி அந்த ஒரு விடையைத் தரத்தான் வடிவமைக்கப்பட்டது. பெயரையும் பிறந்த தேதியையும் தளத்துக்கு அது அனுப்புவதில்லை. சட்டம் இயற்றுகிறவர்கள் இந்த முறையைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும் தளத்திடம், அதை யார் பார்ப்பார்கள், என்றைக்கு அழிப்பார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள்.