தொட்டால் தீருமா?

போன மாதம் என் அக்கா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, ரெய்கிக்குப் போய் வந்ததிலிருந்து நல்லா தூங்கறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

அவரை அழைத்துப் போனவன் நான்தான். பயப்பட அங்கே ஒன்றுமில்லை. உடுத்திய புடவையோடே கட்டிலில் படுத்தார். சிகிச்சை செய்த அம்மாள் தலை, தோள், வயிறு, பாதம் என ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் உள்ளங்கையை மெல்ல வைத்து எடுத்தார். அழுத்தவோ பிடித்துவிடவோ இல்லை. அரை மணியில் அக்கா குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். எழுந்ததும், "உடம்பெல்லாம் இதமா சூடா இருக்கு" என்றார்.

அவர் கேட்ட கேள்வி, பிரெஞ்சில் படித்த எனக்கு ஒரு பழைய விசாரணையை நினைவூட்டியது.

1778-ல் மெஸ்மர் என்ற மருத்துவர் வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் உலகெங்கும் பரவியிருக்கிறது, உடலில் அதன் ஓட்டம் தடைபட்டால் நோய், என் கையால் அதைச் சரிசெய்வேன் என்றார். அதற்கு 'உயிர்க் காந்தம்' என்று பெயர். நோயாளிக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்து கையால் தடவுவார். கூட்டம் பெருகியதும் 'பக்கே' எனும் மரத்தொட்டி வந்தது. அதன் மூடியிலிருந்து நீளும் இரும்புக் கம்பிகளை நோயாளிகள் வலிக்கும் இடத்தில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இசை ஒலிக்கும். சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள், சிலருக்கு வலிப்பே வந்தது.

1784-ல் பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் குழு அமைத்தார். வேதியியல் அறிஞர் லவுவாசியே, வானியலாளர் பாயி, மருத்துவர் கில்லோத்தேன், அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஆகியோர் அதில் இருந்தனர். பிராங்க்ளினுக்கு அப்போது வயது 78, நம் வயதுக்காரர். உடல்நலம் சரியில்லாததால் பாசியில் இருந்த அவர் வீட்டிலேயே சில சோதனைகள் நடந்தன.

மெஸ்மர் ஒத்துழைக்கவில்லை. அவருடைய சீடர் தெஸ்லோன் முன்வந்தார். தோட்டத்தில் ஒரு பாதாமி மரத்துக்கு மட்டும் 'காந்தம்' ஏற்றினார். கண்ணைக் கட்டிய பன்னிரண்டு வயதுச் சிறுவனை வேறு மரங்களிடம் கூட்டிப் போனார்கள். முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது. நான்காவது மரத்தில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ எங்கோ தள்ளி நின்றது!

திரவம் என்று ஒன்றுமில்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதியது. ஆனால் சிறுவன் நடித்தான் என்று சொல்லவில்லை. மயக்கம் உண்மை, காரணம்தான் வேறு.

பிறகு 1813-ல் நம் கோவாவைச் சேர்ந்த பாதிரியார் ஃபாரியா அதே பாரிசில் பலரைத் தூங்க வைத்துக் காட்டினார். சக்தி என் கையில் இல்லை, தூங்குகிறவரிடமே இருக்கிறது என்றார். மெஸ்மர் ஒப்புக்கொள்ளாததை இவர் வெளிப்படையாகச் சொன்னார்.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லி முடித்தேன். "தூக்கம் வந்தது நிஜம்க்கா. அதனால சர்க்கரை குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமில்லை. டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றேன்.

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு கேட்டார்: "சரி, மாத்திரையை நிறுத்தலை. வீட்டுல என்னை யாருப்பா தொடறாங்க? அடுத்த வாரமும் கூட்டிட்டுப் போறியா?"

வியாழக்கிழமை போகிறோம்.