கோட்டைக்குள் ஒரு சபை, குப்பத்தில் ஒரு மாதா

பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்று மூன்று மீனவ ஊர்கள். ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்னும் பழைய முறைப்படி இவை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓர் ஊரின் பெயரில் கோட்டை இருக்கிறது. இன்னோர் ஊரின் பெயரில் மாதா இருக்கிறாள். இந்தக் கரையில் மோதிக்கொண்ட இரண்டு கிறித்தவ அரசுகளின் கதைக்குள் நுழைய இந்த இரண்டு பெயர்கள் போதும்.

முதலில் வந்தவள் மாதா. 1515-இல் போர்த்துக்கீசியர் இங்கே மகிமை மாதா கோவிலை எழுப்பினர். கடல் கடந்த நாடுகளில் கோவில் கட்டுவது, குருக்களை அனுப்புவது, ஆயர்களை முன்மொழிவது எல்லாம் போர்ச்சுக்கல் மன்னனின் பொறுப்பு என்று போப்பாண்டவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் பிறந்ததும் இந்த ஏற்பாட்டின் கீழ்தான்.

அடுத்து வந்த டச்சுக்காரர்களின் நாடோ மதச்சண்டையின் நடுவிலேயே உருவானது. கத்தோலிக்கனான ஸ்பெயின் மன்னனை எதிர்த்து எழுந்த வட மாகாணங்கள் 1579-இல் உத்ரெக்ட் நகரில் ஒன்றுசேர்ந்து ஒப்பந்தம் போட்டன. 1581-இல் மன்னனையே தள்ளிவைத்தன. மதத்தின் பெயரால் எவரையும் துன்புறுத்தக் கூடாது என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. ஆனால் கால்வின் வழிவந்த சீர்திருத்த சபை மட்டுமே அரசின் ஆதரவு பெற்ற சபையாயிற்று. கத்தோலிக்கர் வெளிப்படையாகப் பூசை வைக்க முடியாமல் போயிற்று.

அந்த நாட்டின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கியது. கோட்டை கட்டலாம், படை வைக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம். பெயர் கம்பெனி, கையில் அரசாங்கம். விஜயநகர மன்னர் வேங்கடபதியின் அனுமதியோடு அது பழவேற்காட்டில் பண்டகசாலை திறந்தது. 1612-இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் வந்து அதை அழித்தார்கள். அப்போது போர்ச்சுக்கலும் ஸ்பெயின் மன்னனின் ஆட்சியில்தான் இருந்தது. ஐரோப்பாவின் பகை ஏரிக்கரைக்கே வந்துவிட்டது. மறு ஆண்டே ஜெல்டிரியா கோட்டை எழுந்தது.

கோட்டையில் போதகர் இருந்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. அப்படி 1630-களில் இங்கே பணியாற்றிய ஆபிரகாம் ரொஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமய வழக்கங்களை எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் அது நூலாக வெளிவந்தது. பர்த்ருஹரியின் பாடல்கள் டச்சு மொழியில் முதன்முதலாகப் போய்ச் சேர்ந்ததும் அந்த நூலில்தான். அயல் சமயத்தைப் பொறுமையோடு கேட்ட ஒரு போதகரை இந்த ஊர் கண்டிருக்கிறது என்பது பெருமைதான். ஆனால் அதே கோட்டையிலிருந்துதான் ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பட்டேவியாவுக்குப் போனார்கள். உள்ளே நடந்த பிரசங்கம் அதைத் தடுக்கவில்லை. இதை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது.

பழவேற்காட்டில் கம்பெனி விஜயநகர மன்னர் தந்த இடத்தில் இருந்தது. முழு ஆட்சியும் கைக்கு வந்தால் என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணம் பார்த்தது. 1658-இல் அங்கே போர்த்துக்கீசியரை விரட்டியதும் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விழுந்தது. அடைக்கலம் தருவதும் குற்றம். அரசு உத்தியோகத்துக்குச் சீர்திருத்த சபையின் ஞானஸ்நானம் வேண்டும். 1687-இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில்தான் யாழ்ப்பாணத்துக்குள் நுழைய முடிந்தது. 1796-இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போனதும், உத்தியோகத்துக்காகச் சேர்ந்தவர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். கத்தோலிக்கர் மிஞ்சினார்கள்.

பழவேற்காட்டிலும் அதேதான். 1825-இல் டச்சுக்காரர் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கோட்டை இன்று முட்புதர் மூடிய மண்மேடு. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் அவர்களின் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. மகிமை மாதாவுக்கு அரசும் இல்லை, கோட்டையும் இல்லை. மக்கள் இருந்தார்கள், கோவில் நின்றது.

சமயத்துக்கு அரசின் துணை வேண்டுமா என்ற இதே கேள்வி பிறகும் வந்தது. சுதந்திர இந்தியா தன் அரசியல் சட்டத்தை எழுதியபோது, சென்னை லயோலா கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அரசியல் நிர்ணய சபையில் இருந்தார். அதன் துணைத்தலைவர் எச்.சி. முகர்ஜியும் கிறித்தவரே. மதச் சிறுபான்மையினருக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டாம் என்ற முடிவை 1949 மே மாதம் இருவரும் ஆதரித்தார்கள். சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை 25-ஆம் பிரிவில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக இடம்பெற்றது. பதவியைக் கேட்காமல் உரிமையைக் கேட்ட அவர்களின் முடிவு சரியானது என்பதற்குப் பழவேற்காட்டைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் டச்சுக் கல்லறையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை மாதா கோவிலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.