குட்டியானை பிறந்த கதை

2000-01 நிதியாண்டில் டெல்கோ 500 கோடி ரூபாய் நஷ்டத்தில் விழுந்தது. பின்னாளில் டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே கம்பெனிதான். 1954 முதல் லாரி செய்துவரும் நிறுவனம். நாட்டில் சரக்குப் போக்குவரத்து மந்தமானால் புது லாரி வாங்க ஆள் வராது. பெரிய லாரியையே பெரிதாக நம்பியிருந்ததால் அடி பலமாக விழுந்தது.

வணிக வாகனப் பிரிவைக் கவனித்துவந்த ரவி காந்த், சின்னதாக ஒரு சரக்கு வண்டி வேண்டும் என்று முடிவெடுத்தார். பொறுப்பை கிரீஷ் வாக் என்ற முப்பது வயது என்ஜினீயரிடம் ஒப்படைத்தார். புனேயில் வேலை தொடங்கியது.

வாக்கும் அவருடைய குழுவினரும் வரைபடம் போடுவதற்கு முன் தெருவில் இறங்கினார்கள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் போய்ப் பேசினார்கள். என்ன ஏற்றுகிறாய், எவ்வளவு தூரம் போகிறாய், கையில் என்ன நிற்கிறது, எதில் கஷ்டம் என்று கேட்டார்கள். ஒரு கிராமத்து இளைஞர் சொன்ன பதில்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர். நாலு சக்கர வண்டி வைத்திருந்தால் ஊரில் தனக்கு நல்ல இடத்தில் பெண் கொடுப்பார்கள் என்றார் அவர். மைலேஜ், விலை, பாரம் என்று கணக்குப் போட வந்தவர்களுக்கு இது எந்தக் கட்டத்திலும் அடங்காத பதில். சென்னையில் மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இளைஞரின் மனசு சட்டென்று புரியும். பழைய என்ஜினை மாட்டிய மூன்று சக்கர வண்டி, தலைக்கு மேல் மறைப்பு கிடையாது, மழையானாலும் வெயிலானாலும் உடம்பில்தான். அதே பாரத்தைக் கதவும் கண்ணாடியும் உள்ள கேபினில் உட்கார்ந்து இழுப்பவனுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை வேறு.

காலமும் கூடிவந்தது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் பெரிய லாரிகள் பெருகும். பகலில் நகருக்குள் அவற்றை விடமாட்டார்கள். ஊர் எல்லையில் இறங்கும் சரக்கைக் கடைவாசல் வரை கொண்டுபோக ஒரு வண்டி தேவைப்படும்.

விலைதான் பெரிய இடைஞ்சல். லோடு ஆட்டோக்காரர் எட்டிப் பிடிக்கிற தொகைக்குள் நிற்க வேண்டும். என்ஜினுக்கு அவர்கள் கண்ட வழி அழகானது. இண்டிகா காரின் 1.4 லிட்டர் டீசல் என்ஜினுக்கு நாலு சிலிண்டர். அதை அடிப்படையாக வைத்துப் பாதியாக்கி, இரண்டு சிலிண்டரும் 702 சிசியும் கொண்ட என்ஜினை உருவாக்கினார்கள். சக்தி 16 குதிரைத்திறன். இன்றைய 160 சிசி பைக்குக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் பைக் என்ஜின் அந்தச் சக்தியைக் கொடுக்க வெகுவேகமாகச் சுழல வேண்டும். இந்த டீசல் என்ஜினோ குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை கொடுக்கும். முதல் கியரில் முக்கால் டன்னை அது நகர்த்துவது அப்படித்தான். முன்னாலும் பின்னாலும் லாரியைப் போலவே பட்டைப் பட்டையான லீஃப் ஸ்பிரிங். மேடுபள்ளத்தில் இடுப்பு நோகும், பாரம் தாங்கும்.

2005 மே மாதம் 'டாடா ஏஸ்' சந்தைக்கு வந்தது. விலை சுமார் 2.25 லட்சம் ரூபாய், ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. புனேயில் செய்தது போதாமல் உத்தராகண்டின் பந்த்நகரில் தனியாக ஒரு தொழிற்சாலை எழுந்தது. 2017-க்குள் 20 லட்சம் வண்டிகள் விற்றாயிற்று.

நம் ஊரில் ஏஸ் என்று சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள். குட்டியானை என்றால் எந்த ஸ்டாண்டிலும் வண்டி கிடைக்கும். ஒட்டன்சத்திரத்தில் ஏற்றிய காய்கறி லாரியில் கோயம்பேடு வந்து இறங்கும். அங்கிருந்து தெருமுனைக் கடைக்குப் போவது குட்டியானையில். தண்ணீர் கேன், பந்தல் சாமான், கல்யாணச் சமையல் அண்டா, சீர்வரிசைக் கட்டில் எல்லாம் அதில்தான் ஏறும். வீடு மாற்றும்போது பாருங்கள்: பீரோவைக் கேபினோடு ஒட்டி நிறுத்தி, ஃபிரிட்ஜைச் சாய்க்காமல் பக்கத்தில் வைத்து, இடுக்கில் மெத்தையைச் செருகி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து முடிச்சுப் போடுவார் டிரைவர். எந்தச் சாமான் முதலில் ஏற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்த டிரைவரே பல இடங்களில் ஓனரும். மாதா மாதம் டியூ கட்டி, நாலைந்து வருடத்தில் வண்டியைத் தன் பேருக்கு முழுசாக ஆக்கிக்கொண்டவர்கள் ஏராளம். லாரியில் கிளீனராகக் காலம் தள்ளியிருக்கக்கூடிய ஒருவரை முதலாளியாக்கியதை இந்த வண்டியின் மிகப்பெரிய சாதனை என்பேன். டியூ நெருக்கும்போது அவர் ஒன்றரை டன் வரை ஏற்றிவிடுகிறார் என்பதும் உண்மை. 750 கிலோவுக்குச் செய்த பிரேக் மலை இறக்கத்தில் அதைத் தாங்காது. ஏற்றச் சொல்கிற வியாபாரிக்கும் அதில் பொறுப்பு உண்டு.

2007-இல் அதே வண்டியில் சீட்டுகளைப் போட்டு 'மேஜிக்' வந்தது. சென்னையில் அது ஷேர் ஆட்டோவாக ஓடத் தொடங்கியது. 2011-இல் அசோக் லேலண்ட், நிசானோடு சேர்ந்து ஒன்றேகால் டன் ஏற்றும் 'தோஸ்த்' வண்டியைக் கொண்டுவந்து ஓசூரில் தயாரித்தது. குட்டியானையில் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு, எடைக்கு ஏற்ற வண்டி நம் ஊரிலேயே கிடைத்தது.